வேண்டுமென்றே போட்ட ஓட்டை

எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவரின் தூக்கத்தைக் கெடுக்கும் விபத்துகளில் முதல் வரிசையில் நிற்பது ஓட்டை. குழாய் இரைப்பைக்குள்ளோ சிறுகுடலுக்குள்ளோ போய்க்கொண்டிருக்கும்போது சுவர் கிழிந்துவிட்டால், உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் வயிற்றறைக்குள் கொட்டும். கிருமி பரவும், சீழ் பிடிக்கும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டிவரலாம். உறவினர்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் ஒப்புதல் படிவத்தில் இந்த ஆபத்து தவறாமல் அச்சாகியிருக்கும். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர் முதல் நாளிலேயே கற்றுக்கொள்வது, குழாயை எங்கே வேண்டுமானாலும் திருப்பு, சுவரை மட்டும் தாண்டாதே என்பதைத்தான்.

2001ஆம் ஆண்டில், பிரான்சின் மார்செய் நகரில் இருக்கும் பாவ்லி-கால்மெத் புற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த மார்க் ஜியோவானினி, அந்தச் சுவரைத் தெரிந்தே தாண்டிய கதையை மருத்துவ இதழொன்றில் எழுதினார். கணையப் புற்றுநோய்க்காரர் ஒருவரின் பித்தநாளம் நெரிபட்டு மூடியிருந்தது. வழக்கமான வழியில் உள்ளே போக முடியவில்லை. எண்டோஸ்கோப்பின் நுனியில் பொருத்தியிருந்த அல்ட்ராசவுண்ட் கருவி, முன்சிறுகுடலின் சுவருக்கு அப்பால் வீங்கிக் கிடந்த பித்தநாளத்தைத் திரையில் காட்டியது. குடலின் சுவரையும் நாளத்தின் சுவரையும் ஊசியால் ஒருசேரக் குத்தி, அந்தத் துளையில் சிறு பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒன்றைச் செருகினார்கள். கட்டியின் மேல் கையே வைக்கவில்லை. அடைப்பு அடைப்பாகவே இருந்தது. பித்தம் மட்டும் அதற்கு மேலேயே திரும்பிப் புது வாய் வழியாகக் குடலில் இறங்கியது.

அதே சுவர், அதே மாதிரி ஓட்டை. ஒருநாள் விபத்து என்று பதிவாவது இன்னொரு நாள் வைத்தியம் என்று பதிவாகிறது. மருத்துவரின் எண்ணம் வேறு, அதனால்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் உடம்புக்கு நம் எண்ணம் தெரியாது. நல்லெண்ணத்தோடு போட்ட ஓட்டையிலும் பித்தம் கசியும், கிருமி நுழையும், ஆள் சாவார். வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது. இந்தச் சிகிச்சையைப் பற்றி வாசிக்க வாசிக்க அந்த இடம் எது என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகிக்கொண்டு போனது.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. தின்ற கொழுப்பைக் கரைக்க அது வேண்டும். கழிவை வெளியேற்றவும் அதே பித்தம்தான் வாகனம். சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். செத்த அணுக்களிலிருந்து பிரியும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி பித்தத்தோடு சேர்ந்து குடலுக்குப் போய் மலத்துக்கு நிறம் கொடுக்கிறது. இவ்வளவும் ஓடுவது ஆறேழு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே நாளத்தில். அதுவும் குடலை எட்டுவதற்குச் சற்று முன்னால் கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டியோ ஊடுருவியோதான் இறங்குகிறது. கணையத் தலையில் கட்டி வந்தால் பித்தநாளம் நெரிபடுவது அதனால்தான். கட்டி கணையத்தின் வால் பகுதியில் வந்தால் மாதக்கணக்கில் ஒரு அடையாளமும் காட்டாது. தலையில் வந்தால் கண் மஞ்சளாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால் அப்படித்தான்.

கட்டியால் வரும் அடைப்புக் காமாலையில் வலி பெரும்பாலும் இருக்காது. கல் அடைத்தால் வலிக்கும், கட்டி அடைத்தால் சத்தமில்லாமல் மஞ்சளாகும். பாசல் நகரத்து அறுவை சிகிச்சை நிபுணர் லூட்விக் கூர்வாசியே 1890இல் எழுதிய குறிப்பு இன்றும் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம்: காமாலையோடு பித்தப்பையும் வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டால் கல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு. வலி இல்லாததால் வீட்டில் பயமும் இல்லை. நம்மூரில் முதலில் கீழாநெல்லி அரைப்பார்கள், எண்ணெயையும் உப்பையும் நிறுத்துவார்கள், நாலு ஊர் தள்ளி மருந்து கொடுப்பவரிடம் விடியற்காலையில் கூட்டிப்போவார்கள். கீழாநெல்லியைக் கேலி செய்யும் உத்தேசம் எனக்கில்லை. சென்னையில் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து அதை மஞ்சள் காமாலை பி வைரஸுக்கு எதிராகச் சோதித்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அந்த முடிவு பின்னால் வந்த பல ஆய்வுகளில் நிற்கவில்லை என்பது தனிக் கதை. அது நின்றிருந்தாலும், வெளியிலிருந்து கட்டி நெரிக்கும் நாளத்தை எந்த இலையும் திறந்துவிடப்போவதில்லை. இங்கே கோளாறு கல்லீரலில் இல்லை, வடிகாலில்.

மஞ்சள் மற்றவர்கள் பார்ப்பது. நோயாளி படுவது அரிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆரம்பித்து உடம்பெல்லாம் பரவும். இரவில் கூடும். சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகும், அரிப்பு அடங்காது. கடையில் வாங்கும் அலர்ஜி மாத்திரைகள் இதைப் பெரிதாகத் தணிப்பதில்லை. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும், மலம் வெளிறிப்போகும், சோற்றைக் கண்டாலே குமட்டும். தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்ந்தால் குளிர்காய்ச்சல் வந்து ஓரிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். புற்றுநோய் என்ற சொல் வீட்டையே உலுக்குகிறது. ஆனால் படுக்கையில் கிடப்பவரைக் கேட்டால் நள்ளிரவில் அவருக்கு வேண்டியது ஒரு மணி நேரம் சொறியாமல் தூங்குவதுதான்.

அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்ற யோசனை புதிதல்ல. 1888இல் ஜெர்மானிய அறுவை சிகிச்சை நிபுணர் ரீடல், பித்தநாளத்தை நேரடியாக முன்சிறுகுடலோடு தைத்துப் பார்த்தார். தையல் விட்டுப்போய் நோயாளி இறந்தார். 1891இல் ஷ்ப்ரெங்கல் செய்தபோது அது பலித்தது. நியூயார்க்கில் ஆலன் விப்பிள் 1935இல் கணையத் தலைக் கட்டியை அகற்றும் பெரிய அறுவையை விவரித்தபோது அதை இரண்டு கட்டமாகவே செய்தார். முதலில் பித்தத்துக்கு மாற்று வழி, மஞ்சள் இறங்கிய பிறகு கட்டி. ஏனென்றால் காமாலைக்காரர் உடம்பில் கத்தி பட்டால் ரத்தம் நிற்காது. பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, அது சேராவிட்டால் ரத்தம் உறையாது. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கண்டுபிடித்த அந்த வைட்டமின் மருந்தாகக் கைக்கு வந்த பிறகு, 1940இல் ஒரே கட்டமாகச் செய்ய முடிந்தது. நூற்றாண்டுக்கு முந்தைய அந்தக் கத்திக்காரர்களின் பிரச்சினை வழி வெட்டுவதல்ல. வெட்டிச் சேர்த்த இரண்டு வாய்களும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான். ரீடலின் நோயாளி அந்த ஓரத்தில்தான் இறந்தார்.

பிறகு வாய் வழியாகப் போகும் காலம் வந்தது. பித்தநாளம் குடலில் திறக்கும் சிறு மேட்டை 1720இல் ஆபிரகாம் ஃபாட்டர் விவரித்திருந்தார். அதைத் திறந்து மூடும் வளையத் தசையை 1887இல் இத்தாலிய மாணவர் ருஜெரோ ஒட்டி ஆராய்ந்து எழுதினார். இயற்கை வைத்த வாசல் அது. 1968இல் அமெரிக்காவில் வில்லியம் மக்கூன் எண்டோஸ்கோப் வழியாக அந்த வாசலில் முதன்முதலாக மெல்லிய குழாயை நுழைத்தார். 1974இல் கியோட்டோவில் கவாயும் எர்லாங்கனில் கிளாசனும் தனித்தனியாக அந்தத் தசையை மின்கம்பியால் கீறித் திறந்தார்கள். 1980 வாக்கில், இந்தோனேசியாவில் பிறந்து ஹாம்பர்க்கில் பணிபுரிந்த நிப் சோஹேந்திரா, அடைப்பின் ஊடாகப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகிப் பித்தத்தை வடியவிட்டார். ஈ.ஆர்.சி.பி. என்று இன்று மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளில்கூடக் காணப்படும் சிகிச்சை இதுதான். வயிற்றைக் கிழிக்காமல் காமாலையை இறக்கியது பெரிய காரியம். ஆனாலும் அதன் அடியில் இருந்த நம்பிக்கை பழையதுதான்: பித்தம் போக வேண்டியது இயற்கை வைத்த வழியில், அதை மறுபடி திறந்துவிடுவதே நம் வேலை.

அந்த வாசலை எட்டவே முடியாதபோது? கட்டி முன்சிறுகுடலையும் சேர்த்து அடைத்திருக்கலாம். பழைய அறுவையில் குடலை மாற்றித் தைத்திருக்கலாம். கட்டி வாசலையே மூடி முளைத்திருக்கலாம். கைதேர்ந்தவர்களிடமும் சிலருக்கு ஈ.ஆர்.சி.பி. கைகூடுவதில்லை. அப்போது மிச்சமிருந்தது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்தி, குழாய் வைத்து, பித்தத்தை வெளியே ஒரு பையில் இறக்குவது. அது எத்தனையோ பேரின் உயிரைக் காத்திருக்கிறது, இப்போதும் காக்கிறது. ஆனால் இடுப்பில் பச்சைப் பழுப்பாய் ஊறிக்கொண்டிருக்கும் பையோடு வீட்டுக்குப் போகிறவரைப் பார்த்தால் இன்னொரு கணக்கும் தெரியும். ஒருக்களித்துப் படுக்க முடியாது. குளிக்கப் போனால் துணை வேண்டும். பேரப்பிள்ளை மடியில் ஏற வந்தால் வீடே பதறும். குழாய் நழுவினால் மறுபடி ஆம்புலன்ஸ். பித்தத்தோடு உப்பும் நீரும் சேர்ந்து வெளியேறி ஆளைத் துவளவைக்கும். தென்கொரியாவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், இந்த வெளிக்குழாய் முறையில் 31.2 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன, உள்ளிருந்தே அல்ட்ராசவுண்ட் துணையோடு துளையிட்டவர்களில் 8.8 சதவீதம் பேருக்கு. 66 பேர் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வு. ஆனாலும் வித்தியாசம் சிறியதல்ல.

உள்ளிருந்து துளையிடலாம் என்ற துணிச்சல் ஒரே நாளில் வந்ததல்ல. வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனுக்குக் கணையம் சரியாகத் தெரிவதில்லை. நடுவில் குடலில் காற்று நிறைந்திருக்கிறது, ஒலி அலை காற்றைக் கடக்காமல் சிதறிவிடும். அப்படியானால் ஸ்கேன் கருவியை எண்டோஸ்கோப் நுனியில் வைத்து உள்ளே அனுப்பிவிட்டால் என்ன என்று 1980இல் முயன்று பார்த்தார்கள். பத்தாண்டுக்கும் மேல் அது பார்க்கும் கருவியாக மட்டுமே இருந்தது. 1992இல் டென்மார்க்கின் பீட்டர் வில்மன் அதன் வழியாக ஊசியைச் செலுத்திக் கணையத்திலிருந்து திசு எடுத்தார். ஊசி போகும் பாதை முழுவதும் திரையில் தெரிந்தது. 1996இல் அமெரிக்காவில் வியர்செமா அதே ஊசியால் பித்தநாளத்துக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம் பிடித்தார். ஊசி நுழைந்த இடத்தில் ஒரு குழாயையும் விட்டுவிட்டு வரலாம் என்று மார்செயில் துணிவதற்கு மேலும் ஐந்து ஆண்டு ஆனது. பார்வை, ஊசி, சாயம், கடைசியில் குழாய். முன்னே சென்றவர் பத்திரமாகத் திரும்பி வந்த இடத்திலிருந்துதான் அடுத்தவர் கால் எடுத்து வைத்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த அயல் வீட்டுக்காரர்கள் என்றைக்கும் பக்கத்தில்தான் இருந்தார்கள். இரைப்பையின் மேற்பகுதியை ஒட்டிப் படர்ந்திருக்கிறது கல்லீரலின் இடது மடல். முன்சிறுகுடலின் தொடக்கத்துக்குப் பின்னாலேயே பித்தநாளம் இறங்குகிறது. சாதாரண எண்டோஸ்கோப்புக்குச் சுவர்தான் உலகத்தின் முடிவு, அதன் கேமரா அங்கே நின்றுவிடும். ஒலிக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

இன்று இரண்டு பாதைகள் அதிகம் பயன்படுகின்றன. முன்சிறுகுடலிலிருந்து நேரே பித்தநாளத்துக்குள் போவது ஒன்று. இரைப்பையிலிருந்து கல்லீரலுக்குள்ளேயே விரிந்து கிடக்கும் கிளைநாளம் ஒன்றைக் குத்துவது மற்றொன்று. இரண்டாவதுதான் நெஞ்சு படபடக்க வைப்பது. சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஊசி முதலில் போகும். நடுவில் ரத்தக்குழாய் குறுக்கிடுகிறதா என்று டாப்ளரில் பார்த்துக்கொள்வார்கள். பித்தம் உறிஞ்சி வந்தால் இடம் சரி. சாயம் செலுத்தியதும் கிளைநாளங்கள் இலை நரம்புகள் போல எக்ஸ்ரே திரையில் விரியும். ஊசிக்குள் மெல்லிய கம்பியை விட்டு, கம்பியை மட்டும் உள்ளே நிறுத்திவிட்டு ஊசியை உருவி, துளையைச் சற்று அகலப்படுத்தி, கம்பியின் மேலாக உலோக ஸ்டென்டைத் தள்ளுவார்கள். ஸ்டென்டின் ஒரு பகுதி உறையில்லாத வலை, மீதி உறை போர்த்தியது. கல்லீரலுக்குள் இருக்கும் பாகத்தில் உறை இருந்தால் அது பக்கக் கிளைகளின் வாயை மூடிவிடும். வெளியே இருக்கும் பாகத்தில் உறை இல்லாவிட்டால் பித்தம் வழியிலேயே ஒழுகிவிடும். இரைப்பைக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டி விட்டுவைப்பார்கள். ஏனென்றால் இரைப்பையும் கல்லீரலும் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. மூச்சு விடும்போது கல்லீரல் ஏறி இறங்கும். ஸ்டென்ட் விரியும்போது நீளத்தில் குறுகும். இரண்டு உறுப்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளிக்குள் அதன் வாய் நழுவி விழுந்துவிட்டால், பித்தம் முழுக்க வயிற்றறையில் கொட்டும். இந்தச் சிகிச்சையில் நேர்ந்த மோசமான சாவுகளில் சில, குத்தத் தெரியாததால் வந்தவை அல்ல, குத்திய இடத்தில் பிடி நிற்காததால் வந்தவை.

அங்கேதான் நான் தேடிய வித்தியாசம் இருக்கிறது. ஏரி ததும்பும் மழைநாளில் கரையை வெட்டிவிடச் சொன்னால் இரண்டு பேர் மண்வெட்டியோடு போதும். வெட்டின வாயை வெள்ளம் அரித்துக்கொண்டு போகாமல் பிடித்து நிறுத்தத்தான் ஊரே மணல் மூட்டையோடு நிற்க வேண்டும். கென்னத் பின்மோலர் வடிவமைத்த ஆக்ஸியாஸ் என்ற ஸ்டென்ட் இந்தப் புரிதலிலிருந்து பிறந்தது என்று சொல்லலாம். கட்டையான குழாய், இரு முனையிலும் அகன்ற விளிம்பு. ஒரு விளிம்பு நாளத்துக்குள், ஒரு விளிம்பு குடலுக்குள். நடுவில் இரண்டு சுவர்களையும் இழுத்து ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முதலில் கணையத்தைச் சுற்றித் தேங்கும் நீர்க்கட்டிகளை வடிப்பதற்காக வந்து 2013இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பிறகு நுனியில் மின்சூடு சேர்ந்தது. ஊசி, கம்பி, அகலப்படுத்தல் என்ற படிகள் சுருங்கி, துளைப்பதும் வைப்பதும் கிட்டத்தட்ட ஒரே அசைவாயின. ஆறு, எட்டு மில்லிமீட்டர் அளவில் பித்தநாளத்துக்கும் பொருந்தியது. ரீடலின் ஊசி நூல் செய்ய வேண்டியிருந்த வேலையை இப்போது ஒரு விளிம்பு செய்கிறது.

2023இல் வெளியான இரண்டு ஆய்வுகள் ஒரு படி மேலே போயின. ஈ.ஆர்.சி.பி. தோற்ற பிறகு எதற்கு, இதையே முதல் வழியாக வைத்துக்கொண்டால் என்ன என்று அவை கேட்டன. ஹாங்காங்கின் அந்தோனி தியோ முன்னின்று 155 பேரிடம் நடத்திய ஆய்வில், புதுத் துளை 96.2 சதவீதம் பேருக்குக் கைகூடியது, ஈ.ஆர்.சி.பி. 76.3 சதவீதம் பேருக்கு. நேரமும் 25 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டுக் கடைசியில் ஸ்டென்ட் அடைபடாமல் இருந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. பெரும்பாலும் கனடாவில் நடந்த மற்ற ஆய்வும் 144 பேரிடம் ஏறக்குறைய அதையே கண்டது. அடுத்த ஆண்டே ஈ.ஆர்.சி.பி. வழக்கொழிந்துவிடும் என்று குதித்தவர்கள் உண்டு. எனக்கு அந்த உற்சாகம் ஒட்டவில்லை. நாளம் நன்றாக வீங்கியிருக்க வேண்டும், வயிற்றில் நீர் கோத்திருக்கக் கூடாது, ரத்தம் உறைய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் செய்பவருக்குக் கை பழகியிருக்க வேண்டும். ஒருமுறை ஸ்டென்ட் கோணலாக விரிந்தால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத ஊரில், பதினைந்து நிமிடம் மிச்சமாவதால் என்ன லாபம்? கல்லீரலின் வாயிலேயே, வலமும் இடமும் பிரியும் இடத்தில், கட்டி உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். வடஇந்தியாவின் கங்கைச் சமவெளியில் அதிகம் காணப்படும் பித்தப்பைப் புற்றுநோய் பல நேரம் அங்கேதான் கொண்டு நிறுத்துகிறது.

திறக்க முடிகிறது என்பதற்காகத் திறந்துவிடலாமா என்பதும் இருக்கிறது. 2010இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு பலருக்கு அதிர்ச்சி தந்தது. கணையத் தலைக் கட்டியை எப்படியும் அகற்றப்போகிற 202 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு முதலில் பித்தத்தை வடித்து நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து அறுவை, மறுபாதியினருக்கு மஞ்சளோடு ஒரு வாரத்துக்குள் அறுவை. வடித்துவிட்டுக் காத்திருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல்கள், நேரே கத்திக்குப் போனவர்களில் 39 சதவீதம். அப்போது பெரும்பாலும் வைத்தது பிளாஸ்டிக் ஸ்டென்ட், அது சீக்கிரம் அடைபடும் என்பதும் உண்மை. ஆனாலும் மஞ்சளைப் பார்த்ததும் கை பரபரக்கும் பழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம். அறுவை தள்ளிப்போகிறவர்களுக்கும், காய்ச்சல் வந்துவிட்டவர்களுக்கும், முதலில் கீமோ தேவைப்படுகிறவர்களுக்கும் வடிகால் வேண்டும். வாரத்துக்குள் கட்டியே போகப்போகிறவருக்குப் பெரும்பாலும் வேண்டாம்.

மற்றவர்கள்தான் அதிகம். கணையப் புற்றுநோயோடு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அறுவையின் காலம் அப்போதே கடந்திருக்கும். புது வழி வெட்டுவது பெரும்பாலும் இவர்களுக்காகத்தான். இங்கே மருத்துவம் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கிறது. நூறாண்டு அறிவையும், லட்ச ரூபாய்க் கருவியையும், இரண்டு சுவரைத் துளைக்கும் துணிச்சலையும் ஒன்றுதிரட்டி, நோயை அப்படியே விட்டுவிட்டு அதன் பக்கவாட்டில் வேலை செய்கிறது. ஈ.ஆர்.சி.பி. ஸ்டென்ட் குறைந்தபட்சம் கட்டியின் ஊடாக முட்டி மோதிக்கொண்டு போகிறது, ஒரு சண்டையின் சாயலாவது அதில் இருக்கிறது. இதில் அதுவும் இல்லை. கட்டி இருக்கும் திசைக்கே போகாமல் காரியத்தை முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். இதைத் தோல்வி என்று எண்ணுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். "கேன்சரை ஒண்ணும் பண்ணலயா? அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு?" என்ற கேள்வியில் குற்றமில்லை, நியாயமான கேள்விதான். நோயை வெல்வதும் நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் ஒரே காரியம் என்று நம்மை நம்பவைத்துவிட்டார்கள். ஒன்று முடியாமல் போனால் மற்றதற்கும் கதவைச் சாத்திவிடுகிறோம். "இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று எத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம்! அவர்களில் எத்தனையோ பேர் இன்னும் நாலு மாதமோ எட்டு மாதமோ சோறு தின்று, தூங்கி, வழக்குப் பேசி, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, பேத்தியின் காதுகுத்துக்கு உட்கார்ந்திருக்கக்கூடியவர்கள். கட்டி இருந்தபடி இருக்க, ஆளை அதனிடமிருந்து கொஞ்சம் விலக்கி வைக்க முடியும். முடியும் என்று தெரிந்த பிறகு முடியாது என்று சொல்வது கைவிடுவது.

ஆனால் இந்த நிவாரணத்தோடு ஒரு பொறியும் வருகிறது, அதைப் பற்றி மருத்துவக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. நம் குடும்பங்களில் நோயின் பெயர் நோயாளிக்குப் போவதற்கு முன்னால் மகனுக்குப் போகிறது, மருமகனுக்குப் போகிறது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டாரு" என்ற கோரிக்கை வாசலிலேயே காத்திருக்கும். அந்த நிலையில் ஸ்டென்ட் வைத்துவிட்டு வருகிறார்கள். நாலைந்து நாளில் அரிப்பு அடங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் கண் வெளுக்கிறது, இட்லி இறங்குகிறது. காமாலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர் காமாலை தீர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் அவருக்கு? பார்க்க வந்தவர்களிடம் "சுத்தமா சரியாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். மகன் சுவரைப் பார்ப்பான். அடுத்து கீமோவுக்குக் கூப்பிட்டால், நல்லாயிருக்கிற உடம்புக்கு எதற்கு ஊசி என்று கேட்பார். அவர் கேட்பது சரிதானே. தீராத நோயில் இவ்வளவு வெளிப்படையாக உடம்பு தேறி வருவது அபூர்வம், அந்தத் தேற்றமே உண்மையை மூடிவிடுகிறது. வடிகால் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்குச் சொல்வது கடினமாகிறது.

அதனால் ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. நோயாளி இல்லாத அறையில் அல்ல, அவர் எதிரில். நல்ல மருத்துவர்கள் பலர் பேசுவதற்குப் பதில் ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் படம் போட்டுக்காட்டுவார்கள். கல்லீரல், அதிலிருந்து இறங்கும் குழாய், பக்கத்தில் இரைப்பை, குடல். இந்தச் சிகிச்சையின் படத்துக்கு ஒரு வசதி உண்டு. குழாயின் அடியில் கட்டியைக் கறுப்பாகத் தீட்டாவிட்டால், மேலே ஏன் தனியாக ஒரு வாய் வெட்டுகிறோம் என்று விளக்கவே முடியாது. புது வாயைக் குறித்த பிறகும் அந்தக் கறுப்பு அங்கேயே இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டுவிடுவார்: "அப்ப இது?" இருக்கும் என்று சொல்ல வேண்டியதுதான். இதை எடுக்க முடியாது ஐயா. அரிப்பு போகும், பசி எடுக்கும், அதற்கப்புறம் இதைக் கொஞ்சம் சுருக்குவதற்கு மருந்து ஏற்றலாமா என்று பார்ப்போம். குழாய் என்றைக்காவது அடைத்துக்கொள்ளலாம். கண் மறுபடி மஞ்சளானாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ ஊர் மாத்திரை போட்டுக்கொண்டு இருக்காமல், ராத்திரியானாலும் அன்றைக்கே வந்துவிடுங்கள். அடைத்ததைத் திறக்கவோ உள்ளேயே இன்னொன்று வைக்கவோ முடியும்.